லூர்துவின் கையெழுத்து

ஜூன் 3, திங்கள்

விடியவே மழை. கடல் சரியில்லை எண்டு இவர் டிங்கியை இறக்கேல்லை. இவர் வீட்டில நிண்டால் எனக்கு வீடும் சரியில்லை.

மேல்பல்லு ஒண்டு ஆடுது. இடப்பக்கம். சோறு வலப்பக்கத்தால.

நேற்று கேட்டதுதான் பிழை. "பர்மிட் இந்த மாசத்தோட முடியுது. கடிதத்தில ஒரு கையெழுத்து வையுங்கோ." வேற ஒண்டும் கேட்கேல்லை. மீன் கழுவின வாளியாலேயே அடிச்சார். வாளிப்பிடி இரும்பு.

எனக்கு ஒழுங்கா விளங்கோணும் எண்டு எழுதிப் பார்க்கிறன். நான் மன்னார்க்காரி. சிலோன் பாஸ்போர்ட். தூத்துக்குடி அத்தை பேசி, லூர்துவைக் கட்டி, கடல் தாண்டி இந்தத் தீவுக்கு, பாம்பூஃப்ளாட்டுக்கு வந்தன். இஞ்ச இருக்கிறதுக்கு வருஷா வருஷம் அனுமதி புதுப்பிக்கோணும். அதுக்குப் புருஷன் எழுதித் தரோணும்: இவ என்னோடதான் இருக்கிறா, நான்தான் பார்க்கிறன். ரெண்டு வரி. அது இல்லையெண்டால் நான் போகோணும். றோசி இஞ்ச பிறந்தவள், இந்தியாக்காரி. தகப்பன் சம்மதிக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. நாலு வயசு.

இவருக்கு இது நல்லாத் தெரியும். "நான் கையெழுத்துப் போடாட்டி நீ கப்பலேற வேண்டியதுதான்" எண்டார். பிறகு வாளியைக் கழுவிக் கவிழ்த்தும் வைச்சார்.

வாங்க: வெங்காயம், சவுக்காரம், றோசிக்குச் சளி மருந்து.

ஜூன் 5, புதன்

மருந்து வாங்கப் போறன் எண்டு மாமியிட்டச் சொல்லிப்போட்டு ஃபெரியில எதிர்க்கரை சாத்தம் போனன். மாமிக்கு விளங்கியிருக்கும். குடையைத் தந்து, "வெரசா வந்துரு. அவன் எந்திரிக்கதுக்குள்ள வந்துரு," எண்டா.

வெளிநாட்டுக்காரர் பதியிற ஆபீஸ். கவுண்டர் மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "ஹஸ்பண்ட் கா சைன் கிதர் ஹை?" புருஷன்ர கையெழுத்து எங்க எண்டு. இல்லை எண்டன். அவர் போடாட்டி வேற வழி இல்லையோ எண்டு என்ர உடைஞ்ச ஹிந்தியில கேட்டன். புருஷனோட இல்லையெண்டால் அது வேற விஷயமாம். மேல எழுதிக் கேட்கோணுமாம். என்ன பதில் வரும் எண்டு தன்னால சொல்ல ஏலாதாம். பிறகு என்ர வாயைப் பார்த்தா. "கிர் கயி?" விழுந்தியோ எண்டு. ஓம் எண்டு தலையாட்டினன்.

பக்கத்தில ஒரு வெள்ளைக்காரப் பொடியன். கடலுக்குள்ள முங்கிப் பழக வந்தவனாம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கக் கேட்டு நிண்டான். ஆசையா இருக்காம், அதுதான் காரணம். சிரிச்ச முகம். அவனில எனக்குச் சரியான பொறாமை.

மருந்து வாங்க மறந்திட்டன்.

ஜூன் 6

ஃபெரியில யாரோ என்னைப் பார்த்திருக்கினம். இவருக்குச் சொல்லியாச்சு.

மத்தியானம் பின்வளவில ஐஸ் பெட்டி திறந்து கிடந்தது. பாதிக்கு ஐஸ், மேல கொஞ்சம் சூரை. "ஆபீஸ்ல எவன்ட்ட போயி பல்லக் காட்டுன?" எண்டு பின்னங்கழுத்தைப் பிடிச்சார். தலையை உள்ளுக்கு அமுக்கி, மூடியை என்ர தோளில வைச்சு இறுக்கினார். ஐஸ் கன்னத்தைக் கிழிக்குது. மூச்சு இழுக்க மீன் ரத்தத்தண்ணி மூக்கால போகுது. மேல அவர் கதைக்கிற சத்தம், ஆருக்கோ சொல்லுற மாதிரி ஆறுதலா. கை காலை அடிச்சன். பிறகு அடிக்காமல் விட்டன். அடிக்காட்டி கெதியா விடுவார், அது பழகியிருக்கு.

விட்டார். சத்தி எடுத்தன். ஆடின பல்லு ஐஸுக்குள்ள விழுந்திட்டுது. தேடேல்லை. பின்னேரம் அந்த மீனை வித்தாச்சு.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போகேல்லை. முகம் அப்படி. மாமி மட்டும் போனா. வந்த கையோட, முக்காட்டையும் எடுக்காமல், கடிதத்தையும் பேனையையும் கொண்டுபோய் மகனுக்கு முன்னால நிண்டா.

"எலேய் லூர்து, இதுல கையெழுத்தப் போடு. அவ போயிட்டா இந்தப் பிள்ளய யாரு வளக்க? என்னால முடியாது, சொல்லிட்டேன்."

"நீ உள்ள போ."

"போடுலே."

தாயை அறைஞ்சார். மாமி சுவரோட போய் மோதினா. மூக்குக்கண்ணாடி ரெண்டாப் போச்சு. றோசி எங்க நிண்டாளோ, ஓடி வந்து தகப்பன்ர தொடையில கடிச்சாள். அவளை ஒரு கையால தூக்கி எறிஞ்சார். வாசல்படி சீமெந்து. முருங்கைக்காய் முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளை உடன அழேல்லை. தன்ர கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழ, வளையக் கூடாத இடத்தில வளைஞ்சிருந்தது. பார்த்த பிறகுதான் கத்தினாள்.

இனி "இவர்" எண்டு எழுத வராது.

ஜூன் 10

நேற்றே ஆஸ்பத்திரி. எழுத ஏலேல்லை.

அவன்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஃபெரியில அழுதுகொண்டே வந்தான். உண்மையாத்தான் அழுதான். ஆக்கள் எழும்பி இடம் குடுத்தினம். ஒரு மலையாளத்து மனுசி தன்ர தண்ணிப் போத்தலைக் குடுத்தா.

டொக்டர் தமிழ்ப் பொடியன். எக்ஸ்ரேயைப் பார்த்தார், றோசியைப் பார்த்தார், பிறகு என்ர முகத்தை. "எப்படி ஆச்சும்மா?"

அவன் எனக்குப் பின்னால நிண்டான். காதுக்குள்ள: "படியில விழுந்தாள்னு சொல்லு. கையெழுத்த இன்னைக்கே போடுறேன். மாதா மேல சத்தியம்."

நினைக்க நேரம் இல்லை எண்டு எழுதலாம். இருந்தது. டொக்டர் அவசரப்படுத்தேல்லை.

"ஜெட்டிப் படியில விழுந்திட்டாள்."

மாவுக்கட்டுப் போட்டினம். வராந்தா வாங்குப் பலகையில இருந்து, தன்ர முழங்காலில தாளை வைச்சு, அவன் கையெழுத்துப் போட்டான். வடிவான கையெழுத்து. றோசி என்ர மடியில நித்திரை. பிள்ளையின்ர கையைக் குடுத்து வாங்கின கையெழுத்து.

மாமிக்குப் புதுக் கண்ணாடி செய்யோணும்.

ஜூன் 18, செவ்வாய்

பர்மிட்டுக்குத் தாள் குடுத்ததுக்கு விசாரிக்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். வங்காளி, வயசானவர், சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வந்தார். தேத்தண்ணி குடுத்தன்.

ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இருக்கிறீங்களோ எண்டு ஹிந்தியில கேட்டார். "ஜி, சாப்," எண்டு அவன். சேட்டுப் போட்டு, தலை வாரி இழுத்து, புது மாப்பிள்ளை மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார். "ஜி," எண்டன். பிள்ளைக்கு என்ன? "கிர் கயி." இந்த ஹிந்தி எனக்கு இப்ப நல்லா வருது.

மாமி வெளிய வரேல்லை. குசினியில தேங்காய் உடைக்கிற சத்தம். இண்டைக்குக் கறிக்குத் தேங்காய் தேவையில்லை.

ஜூன் 21

மாமி சும்மா இருக்கேல்லை. ஜெட்டியில போய், "பெத்த பிள்ள கைய முறிச்சவனோட எவன்லே கடலுக்குப் போவீங்க?" எண்டு எல்லாருக்கும் கேட்கக் கேட்டிருக்கிறா. அவனோட வாற ரெண்டு பேரும் இனி வர மாட்டினமாம். அவன் வந்து எனக்கு ஒண்டும் செய்யேல்லை. கதிரையை உடைச்சான். சட்டிகளை உடைச்சான். என்ர தலைமாட்டில, சுவரில, கத்தியைக் குத்தி அப்படியே விட்டிட்டுப் போய்ப் படுத்தான்.

கத்தியைப் புடுங்க நான் பட்ட பாடு. மாமியும் நானும் சேர்ந்து.

ஜூன் 24, திங்கள்

கவுண்டர் மேடம் ஃபோன். காலமை என்ர புருஷன் வந்து வேற கடிதம் குடுத்திட்டுப் போனாராம். இவ என்னோட மனைவியா வாழேல்லை, நான் எழுதினதை வாபஸ் வாங்கிறன் எண்டு. அதால புதுப்பிக்க ஏலாதாம். போறதுக்கு ஒரு தாள் தருவினமாம், வந்து வாங்கட்டாம். "சாரி" எண்டு ரெண்டு தரம் சொன்னா. அவவில பிழையில்லை.

போக: நான். இருக்க: றோசி. திருப்பித் திருப்பி இதையே எழுதிப் பார்க்கிறன்.

ஜூலை 2

நடந்தது மறுநாள், 25ஆம் தேதி காலமை. இப்பதான் எழுத ஏலுது.

அவன் றோசியின்ர உடுப்பை அரிசிச் சாக்கில அடைஞ்சுகொண்டு நிண்டான். தூரத்தில, மாயாபந்தரில தன்ர தங்கச்சி வீட்டில விடப்போறானாம். "நீ உன் நாட்டப் பாத்துப் போ. எம்பிள்ள எங்கிட்ட இருக்கும்." நான் காலைப் பிடிச்சன். மிதிச்சான். நெஞ்சில, வயித்தில. றோசியை மாவுக்கட்டுக் கையில பிடிச்சு இழுத்தான். அவள் கத்தின சத்தம் அக்கம்பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். ஒருத்தரும் வரேல்லை.

ஐஸ் உடைக்கிற கட்டை பின்வளவில கிடந்தது. எடுத்தது ஞாபகமில்லை. அடிச்சது ஞாபகம்.

முதல் அடி பின் தோளில. பிள்ளையை விட்டான். மாமி அவளை அள்ளிக்கொண்டு அறைக்குள்ள போயிட்டா. திரும்பி என்ர கழுத்துக்கு வந்தான். ரெண்டாவது, கழுத்தெலும்பில. அது முறிஞ்சது எனக்குக் கட்டை வழியாத் தெரிஞ்சுது. விழுந்தான். "வேண்டாம்டி," எண்டான்.

அதோட விட்டிருக்கலாம். விடேல்லை. அவன்ர வலக்கையைக் காலால மிதிச்சு நேராக்கி, முழங்கைக்குக் கீழ, பார்த்து, குறி வைச்சு அடிச்சன். ஒருக்கா இல்லை. எத்தனை தரம் எண்டு பொலிஸ் கேட்டது, எனக்குத் தெரியாது. கோபம் எண்டும் சொல்ல ஏலாது. வேலை செய்யிற மாதிரி இருந்தது.

மாமிதான் வந்து கட்டையை வாங்கினா. "போதும். செத்துட்டான்னா உன்னயத்தான் போலீஸ்காரன் தூக்கிட்டுப் போவான். பிள்ளைக்கு யாரு?" எண்டா. பிறகு மகனுக்குப் பக்கத்தில இருந்து அவன்ர தலையைத் தூக்கி மடியில வைச்சா. அழுதா. நான் பார்த்துக்கொண்டு நிண்டன்.

ஸ்டேஷனில மாமி சொன்னது: "அவனும் அடிச்சான், இவளும் அடிச்சா. பிள்ள கைய முறிச்சது அவன். அவன் கைய முறிச்சது இவ. நான் ரெண்டையும் பாத்தேன். ரெண்டையும் எழுதுங்க." எழுதினவர் நிமிர்ந்து, "உங்க மகன்தானே?" எண்டார். "அதான் சொல்லுதேன்," எண்டா.

ரெண்டு கேஸ். அவன்மேல ஒண்டு, என்மேல ஒண்டு. நேற்று மாமி ஜாமீனுக்கு நிண்டு என்னை வெளியில எடுத்தா. அவன் ஆஸ்பத்திரியில, காவலோட. கையில கம்பி வைச்சிருக்காம். வீட்டுப் பக்கம் வரக் கூடாது எண்டு கோர்ட்டில சொல்லியாச்சு.

றோசி என்னைத் தொடப் பயப்படுறாள். சோறு மட்டும் ஊட்ட விடுறாள்.

ஜூலை 9, செவ்வாய்

மழை. ஃபெரி பிந்தித்தான் வெளிக்கிட்டது. ரெண்டு தரம் சத்தி எடுத்தன், விலா இன்னும் நோகுது.

வக்கீலோட ஆபீஸுக்குப் போனன். போறதுக்கான தாளைத் தரப்போகினம் எண்டுதான் நினைச்சன். றோசியின்ர ஒரு படத்தைப் பையில வைச்சுக்கொண்டு போனன், அவ்வளவுக்கு.

கவுண்டர் மேடம் கோர்ட் தாளைக் கனநேரம் வாசிச்சா. உள்ள கொண்டுபோனா, வந்தா. கேஸ் முடியும்வரை நான் இந்தியாவை விட்டுப் போகக் கூடாதாம். பாஸ்போர்ட் கோர்ட்டில இருக்குமாம். அதுவரைக்கும் இருக்கிறதுக்குத் தற்காலிக அனுமதி.

"ஹஸ்பண்ட் கா சைன்?" எண்டு நானே கேட்டன்.

"நஹி சாஹியே," எண்டா. வேண்டாம். என்ர முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தினா. "அப் தும் அக்யூஸ்ட் ஹோ." இப்ப நீ குற்றம் சாட்டப்பட்டவள் எண்டு.

ஒழுங்கா இருந்த வருஷமெல்லாம் அவன்ர கையெழுத்துக்கு நாய் மாதிரி நிண்டன். ஒருத்தன்ர எலும்பை முறிச்ச உடன நாடே என்னைப் போகாதே எண்டு பிடிச்சு வைக்குது. சந்தோஷம் எண்டு எழுதப் பயமாக் கிடக்கு. ஆனா அதுதான்.

சாத்தம் ஜெட்டியில நிக்கேக்க வக்கீலிட்ட, கேஸ் எவ்வளவு காலம் போகும் எண்டு கேட்டன். "இழுக்கும்மா. வருஷக்கணக்கா இழுக்கும்," எண்டார், தன்ர பிழை மாதிரி.

றோசி பள்ளிக்கூடம் முடிக்கும்வரை இழுக்க ஏலுமோ எண்டு கேட்டன்.

பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சார். நான் பதிலுக்குக் காத்து நிண்டன்.