ரிப்பன் கட்டிய பீர்க்கங்காய்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம். உன் இருமல் நின்றதா?

அப்பாவுக்குச் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். இனி வலிக்கு மட்டும் மருந்து. டாக்டர் அதை ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னார். முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருக்கிறோம். அங்கிருந்து பீர்க்கங்கொடி தெரியும், காய்கள் தெரியாது.

வருஷா வருஷம் செய்வதுபோல, அப்பா திரட்சியான காய் ஒன்றில் ரிப்பன் கட்டி விதைக்கு விட்டிருந்தார். கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். அதுவரை யாரும் கைவைக்கக் கூடாது. இந்த முறை விதை உனக்காம். பால்கனியில் தொட்டி வைத்துப் போடுவாயாம். சாப்பிட்ட தட்டையே கழுவாதவன் என்றேன். "அதெல்லாம் என் பிள்ளை பாத்துக்குவான், நீ சும்மா இரு" என்றார்.

போன வாரம் உதவிக்கு வந்த அத்தை அதைப் பறித்துச் சமைத்துவிட்டாள். கனம் தாங்கக் கட்டிய ரிப்பன் என்று நினைத்தாளாம். அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "உன் கைப்பக்குவம் இவளுக்கு வராதுக்கா" என்று எனக்கு ஒரு குத்தல் வேறு. விஷயம் தெரிந்ததும் அத்தை அடுப்படியில் நின்று அழுதாள். திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"கடையில விதை வாங்கிக் காட்டிடலாமே" என்கிறாள். விதையைக் கையில் வாங்கினாலே அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"காய்ஞ்சிருச்சா?" என்று தினமும் கேட்கிறார். இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது என்கிறேன். பொய்யில்லை. கொடியின் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு பிஞ்சு விட்டிருக்கிறது. ரிப்பனை எடுத்து அதில் கட்டினேன். தண்ணீர் ஊற்றுகிறேன். வேறு என்ன செய்ய முடியும்? அது முற்றிக் காய ஒரு மாதத்துக்கு மேலாகும். டாக்டர் அவ்வளவு நாள் சொல்லவில்லை.

வருஷக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தாய். அப்பாவைக் கேட்டால் "வேலையைக் கெடுத்துக்கிட்டு வர வேண்டாம்" என்றுதான் சொல்வார். நம்பாதே. விடுப்பு கேட்டிருக்கிறேன் என்று எழுதாதே, என்றைக்குப் புறப்படுகிறாய் என்று எழுது. உனக்குத் தர அவரிடம் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் வா.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணா.

அம்மா