மசுக்கரையிலிருந்து வந்தவள்

விம்கோ நகர்,
பங்குனி 12

அன்பு மகள் மகிழினிக்கு, நைனா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் முட்டி வலியைத் தவிர குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீயும் உன்னோடு இருக்கும் மற்ற நர்சுப் பிள்ளைகளும் அந்த மசுக்கரைத் தீவில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். போன கப்பலில் வந்த உன் கடிதத்தை அம்மா மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். குப்பச்சி வந்து சேர்ந்தாளா, அவள் கையில் நீ எழுதிக் கொடுத்த விலாசம் உதவியதா என்று கேட்டிருந்தாய். வந்துவிட்டாள் என்று முன்னமே ஒரு வரி எழுதினேன், அதற்கு மேல் எழுதவில்லை. நேரம் இல்லை என்று சொன்னால் பொய், எழுத வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கம் போய்விட்டது, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஊர்ச் சேதி. எண்ணெய் இன்னும் கார்டுக்கு ஒரு லிட்டர்தான், பாமாயில் வந்த நாடெல்லாம் இப்போது வெறும் காடாகக் கிடக்கிறதாமே, எங்கிருந்து வரும். பெட்ரோல் வாரத்தில் ஒரு நாள் போடுகிறார்கள். மெட்ரோ ஓடுவதால் நான் துறைமுக வேலைக்குப் போய்வரச் சிரமம் இல்லை. மீன் மட்டும் கேட்கவே வேண்டாம், கீழ் வீட்டு ராசையா காசிமேட்டிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு வஞ்சிரத்தைக் கதவில் தொங்கவிட்டுப் போகிறான், இந்தக் கடல் இன்னும் ஆள் கை படாத கடல் மாமு என்கிறான். நாடு மொத்தமும் இரண்டரை நூற்றாண்டு பின்னால் வந்து விழுந்து போன மாதத்தோடு மூன்று வருடம் முடிந்தது. எல்லைக்கு வெளியே எங்கே பார்த்தாலும் 1777, உள்ளே நாம் கரண்டு பில் கட்டிக்கொண்டு இருக்கிறோம். அன்றைக்கு மஸ்கட் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த உன் அண்ணன் பீம்ராவ் எல்லைக்கு வெளியே இருந்ததால் நம்மோடு வராமல், நாம் விட்டுவந்த காலத்திலேயே நின்றுவிட்டான். மூன்றாவது வருடத்தை அம்மா எப்படிக் கடப்பாளோ என்று நீ பயந்திருந்தாய். கடந்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஐப்பசியில் அந்தக் கப்பல் வந்தபோது நான் கிரேன் மேலே இருந்தேன். நம் அரசாங்கம் தீவுக்காரர்களோடு ஒப்பந்தம் பேசி மீட்டு அனுப்பிய முதல் கூட்டம், நூற்றெண்பது பேர். இவர்கள் எல்லாரும் பழைய மதராஸ் கரையில் பிடித்து விற்கப்பட்டவர்கள். நாம் வந்து விழுந்தபோது அவர்களுடைய ஊரும் சனமும் இந்த மண்ணை விட்டுப் போய்விட்டன, கடலுக்கு அப்பால் அடிமையாகக் கிடந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். இதையெல்லாம் நீங்கள் அங்கேயே சொல்லித்தான் ஏற்றிவிட்டீர்கள், ஆனாலும் யாரும் நம்பவில்லை போலிருக்கிறது. இறங்கியதும் பாதிப் பேர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார்கள், மண் எங்கே என்று தேடினார்கள். அப்போது மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இறங்கிப் போனேன். ஒல்லியாக, மொட்டைத் தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், கழுத்தில் காலி மாத்திரை டப்பாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதற்குள் உன் கையெழுத்து. கிருஷ்ணப்பன், கிரேன் ஆபரேட்டர், மூன்றாவது மாடி, என் அம்மா நன்றாகச் சமைப்பாள் என்று எழுதியிருந்தாய். உன் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை, கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முகாம் ஆபீசர் ரிஃபானா கெட்டிக்காரப் பெண், ஒரு மாதத்துக்குள் எந்தக் குடும்பமாவது ரேஷன் கார்டில் சேர்த்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் தெற்கே புதிதாகக் கட்டும் குடியிருப்புக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசல் வரை வந்தவள் உள்ளே வரவில்லை. மாடிப்படியில் குந்தி உட்கார்ந்து, நீங்கள் எந்தத் தெரு சனம் என்று கேட்டாள். சொன்னேன். நம்பவில்லை. நம் சனம் மூன்றாவது மாடியில், அதுவும் மற்றவர்கள் தலைக்கு மேலே குடியிருக்க எவன் விடுவான் என்றாள். கதவு வழியாகக் கூடத்தில் மாட்டியிருக்கும் அண்ணல் படத்தைப் பார்த்து, கோட்டுப் போட்ட இந்தத் துரை உங்கள் எசமானா என்று கேட்டாள். அம்மா உள்ளிருந்தே, "தொர இல்லம்மா, நம்மாளு," என்றாள். அதற்கப்புறம்தான் எழுந்து ஒரு கால் உள்ளே வைத்தாள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அம்மா அவளோடு பேசவில்லை. மத்தியானம் நான் தெரியாத்தனமாக பீமுவின் தட்டில் அவளுக்குச் சோறு போட்டுவிட்டேன். அம்மா வந்து சோற்றோடு தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கடலத் தாண்டி யார் யாரோ வராங்க. என் புள்ள மட்டும் வர மாட்டான். இவள நான் இன்னான்னு தெனம் மூஞ்சி பாத்துக்கினு இருக்கிறது?" என்று கேட்டாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நான் வெராண்டாவில் நின்று ரிஃபானாவுக்குப் போன் போட்டு, ஒரு வாரத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் அம்மா, வீட்டில் தோதுப்படவில்லை என்று சொல்லிவிட்டேன். நீ நம்பி அனுப்பியவளை நான் திருப்பி அனுப்பப் பார்த்தேன். நான் பேசியதைப் படியில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

ஆறாம் நாள் விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம், துணி மூட்டையையும் காணோம். பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன், மெட்ரோ எல்லாம் தேடினோம். அம்மாதான் முதலில் படி இறங்கி ஓடினாள், செருப்புக்கூடப் போடவில்லை. கடைசியில் திருவொற்றியூர்க் கோயிலுக்கு எதிரில், தெருவின் இந்தப் பக்கம், பைக்குகள் நிறுத்தியிருக்கும் இடத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். காத்திவாக்கத்தில் அவள் சேரி இருந்த இடம் வரை வடக்கே நடந்து போய் வந்திருக்கிறாள். குழாயும் சாம்பலும் கட்டடமும்தான் இருந்தன, உப்பளம் இல்லை, குடிசை இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததாக மிஞ்சியது இந்தக் கோபுரம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் உப்புக் கூடையோடு வரும்போது இந்தத் தூரம் வரைக்கும்தான் அவளை விடுவார்களாம், அதனால் அங்கேயே நின்றுவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து, வா உள்ளே போகலாம் என்றாள். அவள் கையை உருவிக்கொண்டு, "அடிப்பாங்க," என்றாள். "எவன் அடிக்கிறான்னு நானும் பாக்குறேன், வா," என்றாள் அம்மா. புத்த விகாரையில் கல்யாணம் செய்துகொண்ட நாங்கள் இரண்டு பேரும் முப்பத்தைந்து வருடமாகக் கோயில் வாசல் மிதித்ததில்லை, உனக்கே தெரியும். அன்றைக்கு மிதித்தோம். வாசற்படியில் அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒருவரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூக்காரம்மா அவளிடம், முடி வளரட்டும் தாயி, வச்சுக்கலாம் என்று சொல்லி ஒரு முழம் பூவைக் கையில் கொடுத்தார்.

மண்டபத் தூணோரம் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். நாம் வந்து விழுவதற்கு இரண்டு வருடம் முன்னால், நெல் குத்த ஒரு நாள் கூலிக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டவன் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நாலு வயது மகள் வேம்பியை அக்காவிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். மசுக்கரைத் தீவின் கரும்புக் காட்டில் ஐந்து வருடமும் அந்தச் சாயங்காலத்தையே நினைத்துக்கொண்டிருந்தாளாம். இப்போது வந்து பார்த்தால் சேரியோடு பிள்ளை எங்கேயோ போய்விட்டது, செத்தது என்று அழவும் முடியாது, இருக்கிறது என்று தேடவும் முடியாது என்றாள். மகிழினி, நம் வீட்டிலும் மூன்று வருடமாக இதுதானே நடந்தது, ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. அம்மா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள். "நாம இங்க வந்துட்டமே, இங்க இருந்தவங்க எங்க போயிருப்பாங்க? நாம வுட்டுட்டு வந்த எடத்துக்குத்தான் போயிருப்பாங்க. என் புள்ள அங்கதான் கீறான். கப்பல புடிச்சாவது வூட்டத் தேடிக்கினு வந்திருப்பான். அவன் வந்து நிக்க சொல்லோ இங்க யாரு இருந்திருப்பா? உன் பொண்ணுதான் இருந்திருப்பா. எம்புள்ள பசின்னு நிக்கிற ஒரு கொழந்தய வுட்டுட்டு நகர மாட்டான்."

இது நிஜமா என்று எனக்குத் தெரியாது. பெரிய படிப்புப் படித்தவர்களே, போனவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். ஆனால் மூன்று வருடத்தில் உன் அம்மா பீமுவைப் பற்றி இருக்கிறான் என்று பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். வரும் வழியில் பாத்திரக் கடையில் நுழைந்து ஒரு புதுத் தட்டு வாங்கி, கடைக்காரரிடம் குப்பச்சி என்று பெயர் வெட்டச் சொன்னாள். குப்பச்சி எழுத்துத் தெரியாதவள், அந்தப் புள்ளிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் போனில் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆம்பளை ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் புரியவே இல்லை, நான் ஏதோ திட்டுவதாக நினைத்துப் பின்னால் நகர்ந்தாள். அம்மாதான் சிரித்துக்கொண்டே விளக்கிச் சொன்னாள். அம்மா சிரித்தாள் என்று எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை படித்துக்கொள்.

மறுவாரமே மூன்று பேரும் முகாம் ஆபீசுக்குப் போனோம். ரிஃபானா உறவுமுறை என்ன போட என்று கேட்டாள், அம்மா யோசிக்காமல் தங்கச்சி என்றாள். பிறந்த வருடம் 1749 என்று அடித்தால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை கையாலேயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். அப்புறம் ஒவ்வொரு கப்பல் வரும்போதும் குப்பச்சி என்னோடு துறைமுகத்துக்கு வந்துவிடுவாள், இறங்குகிறவர்களைக் கைபிடித்து உட்காரவைத்து, இது மண்தான், மேலே கல் பூசியிருக்கிறார்கள் என்று சொல்லுவாள். போன மாதம் வந்தவர்கள்தான் சொன்னார்கள், மலைப்பக்கத் தோட்டங்களில் இன்னும் ஏராளமான பேர் ஒளிந்திருக்கிறார்கள், உங்களைப் பார்த்தால் புது எசமான்கள் என்று பயந்து காட்டுக்குள் ஓடுகிறார்கள் என்று. நீயும் அதைத்தான் வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை, தான் போய்க் கூப்பிட்டால் வருவார்கள் என்கிறாள். நான் வேண்டாம் என்று இரண்டு நாள் சண்டை போட்டேன், அந்தத் தீவைப் பார்த்தாலே உனக்கு உடம்பு ஆடுமே என்றேன். அதற்கு அவள், "அன்னிக்கி என்னெ ஏத்துனப்ப யாரும் கேக்கலெ. இன்னிக்கி நானா ஏறுறேன்," என்றாள். ரிஃபானா மேலிடத்தில் பேசி உங்கள் குழுவிலேயே வேலை வாங்கிக் கொடுத்துவிட்டாள். அம்மா எள்ளுருண்டையும் கருவாடும் கட்டிக் கொடுத்திருக்கிறாள், இரண்டையும் ஒரே பையில் போட்டிருக்கிறாள், சொன்னால் கேட்கவில்லை.

மகளே, உனக்கு நன்றி சொல்ல அப்பனுக்குக் கூச்சம் கூடாது. ஒரு துண்டுக் காகிதத்தில் நீ எழுதிய விலாசத்தால் உன் அம்மா எனக்குத் திரும்பக் கிடைத்தாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கொசுவலை இல்லாமல் படுக்காதே, ஐப்பசியில் உன் முறை முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம் என்று எழுதிக் கொடுத்துவிடாதே, இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்து இறங்க வேண்டும். நீ ஊசி போட்ட பிள்ளைகள் எல்லாம் நரைத்துக் கிழமாகும் வரை வாழட்டும், அந்தப் புண்ணியத்தில் உனக்கு ஒரு குறையும் வராது.

இந்தக் கடிதம் தபால் பையில் வந்திருக்காது. கொண்டுவந்து கொடுத்துவிட்டு உன் எதிரில் நீலச் சேலையில் நிற்கிறாளே, அவளை முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடு. உன்னைவிட இளையவள்தான், இருந்தாலும் சித்தி என்று கூப்பிடு. மெதுவாகக் கூப்பிடாதே, அங்கே இருக்கிற பத்துப் பேர் காதில் விழும்படி கூப்பிடு.

என்றும் உன் நினைவாக இருக்கும்
நைனா கிருஷ்ணப்பன்
அம்மா சொக்கம்மாள் (கைநாட்டு இல்லை, இந்த மாதம் கற்றுக்கொண்டு அவளே போட்ட கையெழுத்து)