பதினாறில் ஏசி, பீரோவில் கம்பளி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம்தானே? பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா?

“நீ ஒருத்தி ஏசியை நிறுத்தினா பூமிச்சூடு குறைஞ்சிடுமாக்கும்?” என்று ஒருமுறை கேட்டீர்களே, அந்தக் கேள்வி இங்கும் என்னைத் துரத்தி வந்தது. ஓய்வுக்குப் பிறகு பாடம் நடத்த வந்த இந்தப் பள்ளியின் விடுதியில், என் அறையில் தங்கும் கணக்கு டீச்சரும் உங்கள் கட்சிதான். ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டுகொள்வாள், ஷவரைத் திறந்துவிட்டுக் குடை பிடிப்பதுபோல. மரத்துப்போவது என் முழங்கால். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நேற்று அவள் கம்பளியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டேன்.

“என் கம்பளி எங்க டீச்சர்?”

“நனைஞ்சு கிடக்கும்மா. ஆசை ஆசையா ஏசி வச்சிருக்கியே, அதையே போத்திக்கோ.”

பல் தந்தியடிக்க, அவளே இருபத்தாறுக்கு ஏற்றினாள். எனக்கு இரக்கமே வரவில்லை. ஏசியின் இரைச்சல் அடங்கியதும்தான் பக்கத்தில் உங்கள் குறட்டை இல்லாதது உறைத்தது. அப்புறம் தூக்கம் பிடிக்கவில்லை.

கட்டிலடிப் பையில் இருக்கும் என் முழங்கால் உறையை அனுப்பிவையுங்கள். உங்கள் கம்பளியைக் காணோம் என்று போனில் புலம்பினீர்களே, அது பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. சாவி என் கைப்பையில்.

வகுப்பு மணி அடிக்கிறது. இன்றைக்கு ஏசியை இருபத்தாறில் வைத்துப் படுத்துப் பாருங்கள்.

உங்கள்
டீச்சரம்மா