மூலை வெட்டிய தோல்

மார்ச் 4
அண்ணியின் தொடையிலிருந்து தபால்தலை அளவு தோல் எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்துப் பெரிதாக்க வேண்டும். அவருடைய தையல்கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டி வெடித்து வெந்துபோன வலது புறங்கைக்கு அது. ஒட்டாவிட்டால் விரல்கள் இறுகிவிடும்; கத்தரி பிடிக்க முடியாது. உறவினர் என்பதால் பாரபட்சம் வராதா என்று நெறிமுறைக் குழு கேட்டது. அவர்களுக்கு அண்ணியைத் தெரியாது.

மார்ச் 11
செல்கள் மளமளவென்று பெருகுகின்றன. அண்ணியிடமிருந்து வந்த ஒன்று நான் சொன்னபடி கேட்பது இதுவே முதல்முறை.

மார்ச் 24
படலம் தயார். கண்ணாடிபோல, அஞ்சலட்டை அளவு. செல்கள் ஒரு பக்கம் மட்டுமே. அந்தப் பக்கம்தான் புண்ணில் பட வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே எங்கள் வழக்கம்: செல் பக்கத்தை மேலே வைத்து, வலது மேல்மூலையைக் கத்தரித்துவிடுவது; படலம் புரண்டால் வெட்டு இடப்பக்கம் போய்விடும். கத்தரித்தேன். நாளை அறுவை. சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

மார்ச் 25
காலையில் பார்த்தால் இடது மூலையும் இல்லை.

"ஒரு பக்கம் மட்டும் கோணலா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்" என்றார் போன மாதம் சேர்ந்த சக ஆராய்ச்சியாளர். முனைவர் பட்டம் வாங்கிய மனிதர்.

அறுவை செய்யும் டாக்டர் போனில்: "மயக்கம் குடுத்தாச்சு. தோலை அனுப்புறீங்களா, இல்ல நான் என்னோடத உரிச்சுக்கவா?"

எந்தப் பக்கம்? அட கடவுளே, எந்தப் பக்கம்? நுண்ணோக்கியில் வைத்து, குவியத்தை மேலிருந்து கீழாக இம்மி இம்மியாக இறக்கினேன். முதலில் செல்கள் தெளிந்தன, பிறகுதான் வெறும் படலம். அப்படியானால் மேலே இருப்பதுதான். புரட்டிப் போட்டேன் — கடைசியில் தெளிந்தன. இன்னும் இரண்டு தடவை. அதே விடை.

செல் பக்கம் மேலே என்று எழுதி ஒட்டி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 30
கட்டைப் பிரித்தார்கள். "ஒட்டிக்கிச்சு" என்றார் டாக்டர். வராந்தாவில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததாகச் செவிலியர் அண்ணனிடம் புகார் சொல்லியிருக்கிறார்.

மே 19
மூலைக் கதையை இன்றுதான் அண்ணியிடம் சொன்னேன்.

"இதுக்கு இத்தனை வருஷம் படிச்சீங்களா தம்பி? மூலையில வெட்டுனா எவனாவது அழகுபடுத்தத்தான் பார்ப்பான். ஓரத்துல, நடுவுல இல்லாம கொஞ்சம் தள்ளி வெட்டணும். துணிக்கு நாங்க அப்படித்தான் செய்வோம். இங்க பாருங்க."

மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து, ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோணம் வெட்டினார். கத்தரி எந்தக் கையில் இருக்கிறது என்பதை அண்ணன்தான் முதலில் கவனித்தார். பிறகு நான்.

"கையை என்ன பார்க்குறீங்க? வெட்டு இங்க இருக்கு" என்றார் அண்ணி.