ஏலக்காய் போடாத டீ

சக்குபள்ளம்,
12-9-76

கோபித்துக்கொண்டு போன மாமாவுக்கு,

கம்பத்தில் உங்கள் அக்கா போடும் டீ நன்றாகத்தான் இருக்கும். இங்கே யாரும் உங்களைத் தேடவில்லை. ஆடுதான் வாசலைப் பார்த்துக் கத்துகிறது.

நேற்று இருட்டியதும் எஸ்டேட் களத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. கொக்கோ பறிக்கிற ஒருவர் வந்தார். ஆயுசு முழுக்கப் பறித்தும் சாக்லேட்டை அவர் ருசி பார்த்ததே இல்லையாம். தொழிற்சங்கத்துக்காரர் அதைத் தமிழில் சொன்னதும் பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினோம். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள்தான், "ஏண்டி, நீ என்னைக்கு ஏலக்காய் போட்டு டீ குடிச்ச?" என்று கேட்டாள். அழுகை அப்படியே நின்றுவிட்டது.

அக்கா இங்கே வந்திருந்த அன்றைக்கு அவர் முன்னால், "ஏலத்தோட்டத்துல வேலை பாக்குறவ, டீயில ஒரு ஏலக்காய் போடத் துப்பில்ல" என்று கத்தினீர்களே, அந்தக் கொக்கோக்காரர் வீட்டிலும் போய்ச் சாக்லேட் கேட்டுக் கத்துவீர்களா?

படம் முடிந்ததும் மானேஜர் படக்காரருக்கு ஒரு கை ஏலக்காய் கொடுத்தார். அதில் ஒன்று என் காலடியில் விழுந்தது. வெளியே போகும்போது கங்காணி வழக்கம்போல எல்லாரையும் மடியை உதறச் சொன்னார். நான் அந்த ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டேன். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்துப் பயந்துபோய், "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டார்.

கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஒரு டீக்குத்தான் வரும். அக்காவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்.

இப்படிக்கு,
துப்பில்லாதவள்