மூன்றாம் எண் விதை

கடை,
செவ்வாய்க்கிழமை, மதியம்

என் சின்னக் கத்தரிக்கு,

அப்பா எழுதுவது. பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே நான், அம்மா, பழைய தையல் மிஷின் மூவரும் அவரவர் முனகலோடு நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர், அவளும் நடக்கிறாள், பக்கத்து சைக்கிள் கடை வரைக்கும். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பி வந்து, இன்றைய நடை முடிந்தது என்கிறாள். வாரா வாரம் நீ அவளோடு போனில் பேசும்போது அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பதும், அவள் போனை வைத்ததும் நான் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பதும் மூன்று வருஷமாக நடக்கிறது. போன வாரம் அம்மா என்னைப் பார்த்து, "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரியா, எனக்கும் வயசாகுது" என்று போனை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். போனில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

போன வருஷம் நீ அனுப்பிய விதைகளைப் பற்றி உன்னிடம் ஒரு உண்மை சொல்ல வேண்டும். அந்தக் கவர் வந்த அன்று மேலே உன் கையெழுத்தில் 'அப்பாவுக்கு' என்று இருந்ததைப் பார்த்து, ஒரு சட்டைக்குக் காஜாவைத் தப்பான பக்கத்தில் எடுத்துவிட்டேன். உள்ளே பேட்டர்ன் காகிதத்தில் மடித்த ஐந்து பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஒரு எண், கூடவே உன் சீட்டு. எல்லாமே வெயிலுக்கு ஆசைப்படும் பூக்கள், ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் அதே செடியில் பூக்கும், விதைக்கும் முன் ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று எழுதியிருந்தாய். மூன்றாம் எண் மட்டும் கடையில் வாங்கியது இல்லை, நீ இருக்கும் வீட்டு வாசலில் நீயே வளர்த்த செடியின் விதை, பூத்தால் எனக்குச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தாய். அம்மாவிடம் சொல்லுங்கள் என்று எழுதவில்லை, எனக்கு என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. உன்னோடு பேச எனக்கு ஒரு சாக்குக் கொடுத்திருக்கிறாய் என்று புரிந்தது. பூக்கட்டும், அன்றைக்கே பேசிவிடுகிறேன் என்று இருந்தேன்.

பட்டன் டப்பாவைக் காலி செய்து பொட்டலங்களை அதில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். அடுத்தது பாபினையும் கொண்டுவந்து இங்கே வைப்பீர்களா என்று அம்மா கேட்டாள். ஒரு மாதம் கழித்து ஐந்து தட்டில் மண் நிரப்பி, டேப் வைத்து அங்குல அங்குலமாக அளந்து விதைத்தேன், அளக்காமல் எனக்குக் கை வேலை செய்யாது. ஓரம் மடித்து அடிக்காத துணி மாதிரி விதை வெளியே தெரியக்கூடாது என்று ஐந்து தட்டிலும் மண்ணைப் போட்டு அழுத்தி மூடினேன். காலிக் காகிதங்களை வாசற்படி ஓரமாக நின்று உதறிவிட்டு வெட்டுத்துணி மூட்டையில் போட்டேன். தட்டுகளின் பக்கவாட்டில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணும் எழுதினேன், எதில் என்று நினைக்கிறாய், துணியில் கோடு போடும் சாக்பீஸில். நாற்பது வருஷமாக, தட்டினால் போய்விடும், நனைத்தால் போய்விடும், கவலைப்படாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாலாம் நாள் வெயிலுக்காகத் தட்டுகளை வாசலில் வைத்திருந்தபோது மழை வந்தது. ஓடிப்போய் எடுத்து உள்ளே வைத்தால் ஐந்தும் கழுவித் துடைத்த மாதிரி இருந்தன. உள்ளே தூக்கிவந்த அவசரத்தில் வரிசையும் மாறிவிட்டது. நீ சிறுமியாக இருந்தபோதே, "நிலைச்சு இருக்கணும்னா நூலால அடையாளம் வைங்கப்பா" என்று சொல்வாய், அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு நாலு தட்டு முளைத்தது, ஒன்று முளைக்கவில்லை. பட்டன் மாதிரி தட்டையாக இருந்ததுதான் மூன்றாம் எண் என்றாள் அம்மா, குஞ்சம் வைத்த விதைதான் என்றேன் நான், தூசி மாதிரி பொடியாக ஒன்று இருந்ததே, அது எந்த எண் என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. முளைக்காத தட்டு உன்னுடையதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு எனக்குள் உட்கார்ந்துகொண்டது. மழைக்காலம் முடியும் வரை அந்த வெறும் மண்ணுக்கும் தண்ணீர் ஊற்றினேன். சைக்கிள் கடைக்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எங்க டெய்லர் மண் வளர்க்கிறாரு, நல்லா கொழுத்து வருது" என்று சொல்லிச் சிரித்தார். முளைத்த நாலும் இலை விட்டன, இன்னும் இலை விட்டன, வருஷம் முடியும் வரை ஒரு மொட்டுகூட இல்லை. பூங்காவில் செடி வளர்க்கும் அம்மா ஒருத்தி சீருடையைத் தளர்த்தித் தைக்க வந்தவள் பார்த்துவிட்டு, "முதல் வருஷம் வேர்தான் விடும், பூ அடுத்த வருஷம்தான், பொறுமையா இருங்க" என்றாள். வெறும் தட்டைக் காட்டினேன். விதை பொடியா என்று கேட்டாள். ஒரு பொட்டலத்தில் அப்படித்தான் என்றேன். "பொடி விதையை மூடவே கூடாது, சும்மா மேல தூவிவிட்டாலே போதும், வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும்" என்றாள். அப்படியென்றால் நான் அழுத்தி அழுத்தி மூடியே கெடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் வரை மிஷினில் உட்காரவில்லை. போனில் செடி எப்படி என்று நீ கேட்கும்போதெல்லாம் அம்மா "ஜோரா இருக்கு" என்று சொன்னது என் பேச்சைக் கேட்டுத்தான், அவளைக் கோபிக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முளைத்த தட்டுகளுக்கு மழை படாத, வெயில் படும் இடம் தேடினேன், நம் கடையில் அப்படி இருப்பது ஜன்னலோரம் ஒன்றுதான். அதனால் வெட்டும் மேசையை ஜன்னலுக்குத் தள்ளி, அதன் ஒரு ஓரத்தில் தட்டுகளை வைத்தேன். நீ என்னைக் கேட்காமல் மேசையை நகர்த்திப் போட்டாயே, அதே இடம். மறுநாள் காலை கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோத்தேன். அன்றைக்கு நீ செய்தது சரி. என் கண்ணுக்காகத்தான் நகர்த்தினாய். நான்தான் மூன்று வாடிக்கையாளர்கள் முன்னால் "இது உன் கடை இல்ல" என்று கத்தி, மேசையைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டேன். அடுத்த மாதமே நீ வேலை தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டாய். மேசை இப்போது ஜன்னலோரம்தான் இருக்கிறது, செடிகளைப் பெரிய தொட்டிகளுக்கு மாற்றி மாடிக்குக் கொண்டுபோன பிறகும் அதை நகர்த்தவில்லை.

இந்த வருஷம் நாலும் பூத்துவிட்டன. ஒன்று என் உயரத்துக்கு மேல் நீண்டு, கீழிருந்து மேலாக வரிசையாகப் பட்டன் வைத்த மாதிரி பூக்கிறது. ஒன்று சிவப்பில் மஞ்சள் பார்டர் அடித்தது. ஒன்று முழு மஞ்சள், ஒன்று வெள்ளை இதழ். எல்லாமே அழகு, எது உன்னுடையது என்றுதான் தெரியவில்லை. ஆனால் போன மாதம் வாசற்படியைக் கழுவும்போது அம்மா என்னைக் கூப்பிட்டாள். சுவரும் படியும் சேரும் விரிசலில் ஒரு செடி. போன வருஷமே அங்கே ஏதோ பச்சையாக இருந்ததாம், புல் என்று விட்டுவிட்டாளாம். நாலில் எதனுடைய இலையும் இல்லை, இறகு மாதிரி பொடிப் பொடியாக வெட்டிய இலை, கையில் தேய்த்தால் ஒரு வாசனை. நான் காகிதத்தை உதறினேனே, அதே இடம். டேப் வைத்து அளந்து விதைத்தது செத்துவிட்டது, வேண்டாம் என்று உதறியது நாள் முழுக்க வெயில் வாங்கிக்கொண்டு தானாக வந்து நிற்கிறது. நடுவில் சின்னச் சின்னதாகக் கூட்டமாய் மொட்டு, விரிய இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்கிறாள் பூங்கா அம்மா. யாரும் மிதிக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு ஸ்டூலைப் போட்டிருக்கிறேன், வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு வருகிறார்கள், வரட்டும்.

இந்தக் கடிதத்தை எழுத அது பூக்கும் வரை காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பூ வந்தால்தான் மகளோடு பேசுவேன் என்பது என்ன கணக்கு என்று அம்மா கேட்டாள். மேசைக்காக நான் கத்திய அன்றைக்குக் கடையில் நின்ற மூன்று பேரும் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட வாத்தியார் கால்சட்டை வாங்க வந்தபோது அவரிடம், இது என் பெண்ணுடைய கடை, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். பேக்கரிக்காரரிடமும் சொன்னேன். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா எப்போதாவதுதான் வருவாள், அதனால் நானே வங்கிக்குப் போய் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சொன்னேன். கழுத்தில் டேப்போடு போயிருக்கிறேன், கவனிக்கவில்லை. அவள், "இதை அவகிட்ட சொன்னீங்களா" என்று கேட்டாள். அதனால் உன்னிடமும் சொல்கிறேன். தப்பு என்னுடையது, கண்ணு. நீ இல்லாமல் கடை நடக்கிறது, எனக்குத்தான் நாள் போகவில்லை.

அங்கே குனிந்தே வெட்டாதே, மேசை உயரம் போதவில்லை என்றால் கூச்சப்படாமல் கேட்டு உயர்த்திக்கொள். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உன் விரல் உறை நீ வைத்த டப்பாவிலேயே இருக்கிறது, வேறு யாருக்கும் அது பொருந்தவில்லை. கையும் கண்ணும் குறையில்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் இதையேதான் சொல்கிறாள், அவள் சொல்வதைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்.

ஒன்று மட்டும் மறக்காதே. இதைப் படித்தவுடனே எது மூன்றாம் எண் என்று உனக்குத் தெரிந்துவிடும். போனில் சொல்லாதே, அம்மாவிடமும் சொல்லாதே. ஒரு துணிப் பட்டையில் மூன்று என்று சிவப்பு நூலால் தைத்து வைத்திருக்கிறேன், எத்தனை மழை பெய்தாலும் போகாது. என் சட்டைப் பையில் இருக்கிறது. நீ வந்து கட்டு.

உன் அப்பா
(உன் கடையில் தைப்பவர்)