எஞ்சின் நின்று பத்து நிமிஷம்

ஜூன் 10, 2024, திங்கள்
ஷூ கம்பெனி பஸ் ஆம்பூர் வருவதற்குள் மழை. சாம்பிள் ரூமில் என் மேஜைமேல் ஒரு மூட்டை. பிரித்தால் விமான சீட். ஓசூர் பக்கம் ஒரு மியூசியத்தில் பழைய விமானத்தைச் சரிபண்ணுகிறார்களாம். தோல் தைக்க நமக்கு அனுப்பியிருக்கிறார்கள். சீட்டில் கட்டியிருந்த அட்டையில் விமான நம்பரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இன்பராஜ் மெக்கானிக்காக இருந்த அதே விமானம்.

அப்போதெல்லாம் அது எங்கள் குவார்ட்டர்ஸ் மேலே ஒரு சுற்று வந்துதான் இறங்கும். எஞ்சின் நின்றதும் தட்டில் சோறு போடுவேன். பத்து நிமிஷத்தில் வாசலில் சைக்கிள் மணி கேட்கும். அவர் போய் ஆறு வருஷம். அந்தச் சத்தம் தலைக்கு மேலே இன்னொரு முறை வரணும். வேறெதுவும் வேண்டாம்.

ஜூன் 12
பறக்கவிடுவதா, ஷெட்டிலேயே நிறுத்துவதா என்று மியூசியத்தில் சண்டையாம். அதில் வேலை செய்தவர்கள் குடும்பத்தையும் கேட்கிறார்கள். எழுதினேன்: 'யாரும் போடாத சாம்பிள் ஷூவுக்குப் பெட்டிக்குள்ளேயே சோல் பொடிப்பொடியாகிவிடும். நடந்த ஷூதான் நிற்கும். பறக்கவிடுங்கள்.'

பக்கத்து மேஜை அம்பரீன் படித்துவிட்டு, "இன்னாக்கா, அந்த மாதிரி பிளேன் ஒண்ணே ஒண்ணுதான மிச்சம்? வுழுந்துட்டா?" என்றாள். இன்றைக்கு அவளோடு டீ குடிக்கவில்லை.

ஜூன் 22, சனி
சீட் அளவு பார்க்க, ஓட்டப்போகிற சூரியபிரகாஷ் சாரே வந்தார். கூடவே மனைவி விஜயகுமாரி. அவர் உட்கார்ந்து ஆடிப்பார்க்க, அந்தம்மா தையலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கெட்டியா இருக்கும் இல்லீங்க?"

இரட்டைத் தையல் என்றேன்.

"அதுக்கில்லீங்க. இவரு மேல போனா, கீழ எறங்கி எஞ்சின் நிக்கிற வரைக்கும் எனக்குத் தண்ணிகூட தொண்டையில எறங்காது."

தைத்த இடத்தை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தேன்.

ஜூன் 23, ஞாயிறு
சர்ச்சில் பிரசங்கம் காதில் விழவில்லை. ஒரே பேஜார்.

இன்பராஜ் தரையில் நின்றவர். நான் ஒருநாளும் பயந்து காத்திருந்ததில்லை, பசியோடுதான் காத்திருந்தேன். எனக்கு ஒரு சத்தம் கேக்கணும்னு அந்தம்மா அப்படி உக்காரணுமா? நியாயமா பிரிசில்லா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். — ஆனாலும் ஆசை விடமாட்டேங்குது.

ஜூன் 24
இன்னொரு கடிதம் போட்டேன். 'முன்னே எழுதியதை விட்டுவிடுங்கள். தரையிலேயே எஞ்சினை ஓட்டுங்கள். சும்மா மட்டும் நிறுத்தாதீர்கள்.'

அம்பரீனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். இன்னா விஷயம் என்றாள். ஆறிடும், குடி என்றேன்.

ஜூலை 15
பறக்காதாம். முடிவாகிவிட்டது. நானே கேட்டதுதான், ஆனாலும் அழுதேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
முதல்முறை எஞ்சினை ஓட்டுகிறார்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் ஊர் மாதனூரிலிருந்து விடியக்காலையிலேயே பஸ் பிடித்தேன். டப்பாவில் சோறு, கருவாட்டுக் குழம்பு.

சூரியபிரகாஷ் சார் நான் தைத்த சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். சத்தம் துளிகூட மாறவில்லை. மேலேயிருந்து மட்டும் வரவில்லை. எதிரே நின்றே கத்தியது. பக்கத்தில் விஜயகுமாரி சமோசா தின்றுகொண்டிருந்தார்.

எஞ்சின் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் டப்பாவைத் திறந்து மூடியில் சோறு போட்டேன். பத்து நிமிஷம் வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சாப்பிட்டேன்.